சாயும் மரத்தை நிமிர்த்திய கதை: ஏவிஎல் மரம் எழுதிப் பார்த்த பதிவு

கோத்தகிரியில் மாமா ஒரு பச்சைத் தேயிலை எடை போடும் செட் வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் கொழுந்தைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். தராசில் எடை பார்த்து, மழைநாளாக இருந்தால் ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்து, அவரவர் எண்ணுக்கு நேராக நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் எண் உண்டு. பழையவர்களையும் சேர்த்து மொத்தம் 1,140 எண்கள்.

நவம்பரில் விடுமுறைக்கு வந்தபோது இந்த நோட்டைக் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொன்னேன். வேண்டியது இரண்டே வேலை. ஓர் எண்ணைச் சொன்னால் உடனே அந்த ஆளின் கணக்கு வர வேண்டும். பணம் கொடுக்கும் நாளில் 'இருநூறிலிருந்து முன்னூறு வரை' என்று கேட்டால் அந்த எண்கள் மட்டும் வரிசையாக வர வேண்டும்.

இவ்வளவு சிறிய கணக்குக்கு, எண்ணைச் சொன்னால் அதற்குரிய விவரத்தைத் தரும், பைத்தான் நிரல் மொழியின் டிக்‌ஷனரியே போதும். வரிசை வேண்டும்போது ஒரு தடவை அடுக்கிக்கொண்டால் முடிந்தது. ஆனாலும் தேடல் மரம் எழுதினேன். கல்லூரியில் இரண்டு செமஸ்டர் முன்னால் படித்தபோது, மரத்தைச் சமன் செய்யும் சுழற்சிப் படங்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருந்தேன், எதுவும் புரிந்திருக்கவில்லை. இந்த முறை புரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் முட்டிக்கொண்ட இடங்களில்தான் பலரும் முட்டிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அதனால் அந்த இடங்களை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் எழுதியது சாதாரண இருமத் தேடல் மரம். ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் இருக்கும். அதைவிடச் சிறியவை எல்லாம் இடது பக்கம், பெரியவை எல்லாம் வலது பக்கம். புதிய எண் வந்தால் உச்சியில் தொடங்கி, சிறியதா பெரியதா என்று கேட்டுக்கொண்டே இறங்கி, காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். ரிகர்ஷனில், அதாவது நிரல் தன்னைத்தானே திரும்பக் கூப்பிடும் முறையில், எழுதினால் பத்து வரிதான். ஐந்தாறு எண்கள் கொடுத்துப் பார்த்தேன், சரியாக வேலை செய்தது.

அப்புறம் மாமாவின் நோட்டை முழுசாக ஏற்றினேன். ஆயிரத்தை எட்டுவதற்குச் சற்று முன் பைத்தான் ரிகர்ஷன் ஆழம் தாண்டிவிட்டது என்று சொல்லி நின்றுவிட்டது. அதன் வழக்கமான எல்லை 1,000. மரத்தை வரைந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. நோட்டில் எண்கள் 1, 2, 3 என்று ஏறுவரிசையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு புதிய எண்ணும் முந்தைய எல்லாவற்றையும் விடப் பெரியது, அதனால் எப்போதும் வலது பக்கமே போகிறது. மரம் என்று பேர், நின்றது ஒற்றைக் கயிறு. 1,140 எண்களை இப்படி ஏற்றினால் மொத்தம் 6,49,230 ஒப்பீடுகள் ஆகும். ரிகர்ஷன் எல்லையைக் கூட்டிவிட்டால் ஓடியிருக்கும், ஆனால் தேடல் மரத்தால் கிடைக்க வேண்டிய பயன் ஒன்றுமே கிடைத்திருக்காது. கலைத்துப் போட்ட எண்களாக இருந்தால் இவ்வளவு மோசமாகாது. நிஜத்தில் வரும் நோட்டுகளோ பெரும்பாலும் வரிசையாகத்தான் வருகின்றன.

தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும் மரங்களில் முதலில் வந்தது ஏவிஎல் மரம். சோவியத் கணிதவியலாளர்களான அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962இல் வெளியிட்டது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள்தான் ஏவிஎல். 1974இல் முதல் உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்ற கைஸ்ஸா நிரலை உருவாக்கியவர்களில் அடெல்சன்-வெல்ஸ்கியும் ஒருவர் என்று தெரிந்தபோது எனக்கு அவர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. ஜாவா மொழியின் ட்ரீமேப் மாதிரி இடங்களில் இருப்பது சிவப்பு-கறுப்பு மரம் என்ற இன்னொரு வகை. அதன் விதிகள் அதிகம். ஏவிஎல்லின் விதி ஒன்றே ஒன்று: எந்தக் கணுவை எடுத்தாலும் அதன் இடது பக்க உயரத்துக்கும் வலது பக்க உயரத்துக்கும் வித்தியாசம் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. உயரம் என்றால் அந்தப் பக்கத்தில் மிக நீண்ட வழியில் எத்தனை கணுக்கள் இருக்கின்றன என்பது. கற்றுக்கொள்ள இதுதான் நல்லது என்று தோன்றியது.

நோட்டில் முதலில் தமிழிலேயே எழுதிப் பார்த்தேன். அதையே இங்கே தருகிறேன். 'உயரம்' என்ற ஃபங்ஷன், காலி என்றால் சுழியம் தரும், இல்லாவிட்டால் கணுவில் எழுதி வைத்திருக்கும் உயரத்தைத் தரும்.

சேர்(கணு, எண்):
  கணு காலி என்றால்: திருப்பு புதுக்கணு(எண்)
  எண் < கணு.எண் என்றால்: கணு.இடது = சேர்(கணு.இடது, எண்)
  எண் > கணு.எண் என்றால்: கணு.வலது = சேர்(கணு.வலது, எண்)
  இரண்டும் சமம் என்றால்: திருப்பு கணு
  கணு.உயரம் = 1 + பெரியது(உயரம்(கணு.இடது), உயரம்(கணு.வலது))
  சாய்வு = உயரம்(கணு.இடது) − உயரம்(கணு.வலது)
  சாய்வு 1ஐ விடப் பெரியது அல்லது −1ஐ விடச் சிறியது என்றால்: திருப்பு நிமிர்த்து(கணு, எண்)
  திருப்பு கணு

இதில் 'கணு.இடது = ' என்று வாங்கிக்கொள்ளும் பகுதி மிக முக்கியம். அதை விட்டுவிட்டு வெறுமனே 'சேர்(கணு.இடது, எண்)' என்று எழுதினால் புதுக்கணு உருவாகும், திரும்பியும் வரும், ஆனால் அதைக் கையில் பிடிக்க ஆளிருக்காது. எவ்வளவு எண் போட்டாலும் மரத்தில் உச்சிக்கணு மட்டுமே நிற்கும். எனக்கு இது நடந்தது. இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். சுழற்சி வந்த பிறகு இதே தவறு இன்னும் மோசமாக வெளிப்படும், ஏனென்றால் சுழற்சிக்குப் பின் அந்தக் கிளையின் உச்சியே மாறியிருக்கும். மேலே இருக்கும் கணு புதிய உச்சியை வாங்கிக்கொள்ளாவிட்டால் பழைய உச்சியையே பிடித்துக்கொண்டிருக்கும், பாதிக் கிளை தொலைந்துபோகும்.

இனி சுழற்சி. செட்டில் எடை எழுதிக் கொடுக்கும் சிறிய சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது. அதில் ஆறு சீட்டைக் கிழித்து 50, 30, 70, 20, 40, 10 என்று எழுதி மேசையில் பரப்பினேன். இணைப்புக்குச் சாக்கு தைக்கும் நூல். உச்சியில் 50. அதன் இடது 30, வலது 70. 30க்குக் கீழே 20ம் 40ம். இதுவரை சமநிலை. இப்போது 10 வந்து 20க்கு இடதில் உட்காருகிறது. 50இன் இடது பக்க உயரம் 3, வலது பக்க உயரம் 1. விதி உடைந்துவிட்டது.

வலப்பக்கமாகச் சுழற்ற வேண்டும். 30ஐ மேலே தூக்கி, 50ஐ அதன் வலது கையில் கொடுக்க வேண்டும். ஆனால் 30இன் வலது கையில் ஏற்கெனவே 40 இருக்கிறது. படத்தில் பார்க்கும்போது கண்ணில் படாதது, நூலைக் கையில் பிடித்தால் தெரியும்: 40இன் நூலை அவிழ்த்தால்தான் 50இன் நூலைக் கட்ட முடியும், அவிழ்த்த 40 மேசையில் அநாதையாகக் கிடக்கும். அது எங்கே போகும்? 40 என்பது 30ஐ விடப் பெரியது, 50ஐ விடச் சிறியது. 50இன் இடது கை இப்போதுதான் காலியாகியிருக்கிறது. அங்கேயே கட்டிவிடலாம். உச்சியில் 30, இடதில் 20, அதன் கீழ் 10, வலதில் 50, அதன் கீழ் 40ம் 70ம். இடமிருந்து வலமாகப் படித்தால் 10, 20, 30, 40, 50, 70. வரிசை கொஞ்சம்கூடக் கலையவில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்த படம் எனக்குப் புரிந்தது அந்த நூலை அவிழ்த்த நேரத்தில்தான்.

வலச்சுழற்சி(பழையது):
  புதியது = பழையது.இடது
  நடு = புதியது.வலது
  புதியது.வலது = பழையது
  பழையது.இடது = நடு
  பழையது.உயரம் புதுப்பி
  புதியது.உயரம் புதுப்பி
  திருப்பு புதியது

இடச்சுழற்சி இதன் கண்ணாடிப் பிம்பம். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, சமன் செய்வது என்றால் எதையோ வெட்டி மட்டப்படுத்துவது என்றுதான் என் மனதில் இருந்தது. இதில் ஒரு கணுகூட வெட்டுப்படுவதில்லை. கை மாறுகிறது, அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் சுழற்றுவது என்பதில் நான்கு நிலைகள் உண்டு. இடதின் இடதில் எண் சேர்ந்து சாய்ந்தால் ஒரு வலச்சுழற்சி, வலதின் வலதில் என்றால் ஓர் இடச்சுழற்சி. மற்ற இரண்டும் வளைந்து போகும் நிலைகள். 30, 10, 20 என்று இந்த வரிசையில் போட்டால் 30க்கு இடதில் 10, அந்த 10க்கு வலதில் 20. இங்கே 30ஐ நேரடியாக வலப்பக்கம் சுழற்றிப் பார்த்தேன். 10 மேலே வந்தது, 30 அதன் வலதில், 20 அந்த 30இன் இடதில். உயரம் அதே 3, இடப்பக்கம் சாய்ந்திருந்தது இப்போது வலப்பக்கம் சாய்ந்தது. திருப்பிச் சுழற்றினால் பழையபடி வந்து நிற்கும். முதலில் 10ஐ இடப்பக்கம் சுழற்றி வளைவை நேராக்க வேண்டும், அப்போது 30, 20, 10 என்று ஒரே கோட்டில் வரும். பிறகு 30ஐ வலப்பக்கம் சுழற்றினால் 20 உச்சிக்கு வந்துவிடும். மூன்று எண்களில் நடு எண்தான் உச்சிக்கு வர வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் நான்கு நிலைகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நிமிர்த்து(கணு, எண்):
  இடப்பக்கம் சாய்ந்திருந்தால்:
    எண் > கணு.இடது.எண் என்றால்: கணு.இடது = இடச்சுழற்சி(கணு.இடது)
    திருப்பு வலச்சுழற்சி(கணு)
  வலப்பக்கம் சாய்ந்திருந்தால்:
    எண் < கணு.வலது.எண் என்றால்: கணு.வலது = வலச்சுழற்சி(கணு.வலது)
    திருப்பு இடச்சுழற்சி(கணு)

இரண்டாம் நாள் இரவு இதை எல்லாம் தட்டச்சு செய்து முடித்தேன். ஒவ்வொரு எண்ணும் சேர்ந்ததும் மரம் முழுவதையும் நடந்து பார்த்து, விதி உடைந்திருந்தால் கத்துகிற ஒரு சோதனை ஃபங்ஷனையும் எழுதினேன். 1 முதல் 6 வரை போட்டேன், அமைதி. 7 போட்டதும் கத்தியது. வெளியே மழை, ஊர் முழுக்க மின்சாரம் இல்லை, லேப்டாப்பில் நாற்பது சதவீதம் சார்ஜ். மூடி வைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

காலையில் மரத்தை அச்சிட்டுப் பார்த்தேன். 1 முதல் 7 வரை ஏறுவரிசையில் போட்டால் 4 உச்சியில், இருபுறமும் மூன்று மூன்றாக அழகாக நிற்க வேண்டும். என் மரத்தில் 6 உச்சியில் இருந்தது. அதன் வலதில் 7 மட்டும். மற்ற ஐந்தும் இடதில். எண் எதுவும் தொலையவில்லை, வரிசையும் சரி. சுழற்சி நூல்களை நான்கு முறை சரிபார்த்தேன், அதிலும் தவறில்லை.

தவறு உயரத்தில் இருந்தது. மேலே எழுதியிருக்கும் வலச்சுழற்சியில் கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள்: பழையதன் உயரத்தை முதலில், புதியதன் உயரத்தைப் பிறகு. நான் தட்டச்சு செய்தபோது இரண்டு சுழற்சிகளிலும் இவற்றை முன்பின்னாகப் போட்டிருந்தேன். சுழற்சி முடிந்ததும் பழைய உச்சி கீழே போய்விடுகிறது, புதிய உச்சி அதன் மேல் நிற்கிறது. மேலே நிற்பவரின் உயரம் கீழே இருப்பவரைப் பொறுத்தது. கீழே இருப்பவரை அளக்காமல் மேலே இருப்பவரை அளந்தால், கிடைப்பது பழைய, பெரிய எண்.

இதை எண் எண்ணாகத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். 3 சேர்ந்ததும் முதல் சுழற்சி. 2 உச்சிக்கு வருகிறது. அதன் நிஜ உயரம் 2, எழுதப்பட்டதோ 4. ஆனால் 2தான் மரத்தின் உச்சி, அதைப் பார்த்து முடிவெடுக்க மேலே யாரும் இல்லை. 4 சேரும்போது அந்த வழியாகவே போவதால் உயரம் மறுபடி கணக்கிடப்பட்டுத் தானாகச் சரியாகிவிடுகிறது. 5 சேரும்போது 3இல் ஒரு சுழற்சி, 4 மேலே வருகிறது, அதன் உயரமும் 4 என்று தவறாகப் பதிகிறது. இப்போது மேலே 2 இருக்கிறது. அது இடது 1, வலது 4 என்று பார்த்து, தேவையே இல்லாமல் இன்னொரு சுழற்சி போடுகிறது. உச்சிக்கு 4 வந்துவிடுகிறது. சரியான நிரலில் 5க்குப் பிறகு 2தான் உச்சியில் இருக்க வேண்டும். ஆனால் 4 உச்சியில் இருக்கும் இந்த மரமும் ஏவிஎல் விதிக்கு உட்பட்டதே. அதனால் சோதனைக்கும் சத்தமில்லை. 6 சேர்ந்த பிறகு சரியான நிரலும் என் தவறான நிரலும் அச்சு அசலாக ஒரே மரத்தைத் தருகின்றன! 7இல் மறுபடி தேவையற்ற சுழற்சி, இந்த முறை மரம் நிஜமாகவே சாய்ந்துவிட்டது.

ஆறு எண்களோடு சோதனையை நிறுத்தியிருந்தால் வேலை முடிந்தது என்று மாமாவிடம் கொடுத்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என் சோதனை ஃபங்ஷன் கணுக்களில் எழுதி வைத்திருந்த உயரத்தையே நம்பிச் சாய்வைப் பார்த்தது. எழுதப்பட்ட உயரம் பொய் என்றால் சோதனையும் அந்தப் பொய்யைத்தான் திருப்பிச் சொல்லும். 3 சேர்ந்ததும் 2இன் உயரம் 4 என்று தவறாகப் பதிந்ததை அது கண்டுகொள்ளாமல் விட்டது இதனால்தான். மாற்றி எழுதினேன். புதிய சோதனை அடியிலிருந்து உயரத்தைத் தானே எண்ணிக்கொண்டு வரும், கணுவில் எழுதியதோடு ஒப்பிடும், பொருந்தாவிட்டால் நிறுத்தும். அதோடு, ஒவ்வொரு கணுவின் எண்ணும் மேலே இருப்பவை அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறதா, மொத்த எண்ணிக்கை குறையவில்லையா என்றும் பார்க்கும். பழைய தவறான சுழற்சியை வேண்டுமென்றே திரும்ப வைத்து ஓட்டினேன். இந்த முறை 3இலேயே பிடித்துவிட்டது.

பிறகு இரண்டு வரிகளையும் இடம் மாற்றிவிட்டு, 1 முதல் 8 வரையிலான எண்களை எத்தனை வரிசைகளில் போட முடியுமோ அத்தனையிலும் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 40,320 வரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் சோதனை. மாமாவின் பழைய லேப்டாப்பிலும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஓடிவிட்டது. ஒன்றில்கூடத் தவறு இல்லை.

சுழற்சிகளை எண்ணவும் ஒரு வரி சேர்த்திருந்தேன். எந்த வரிசையானாலும், ஓர் எண்ணைச் சேர்க்கும்போது நிமிர்த்தும் வேலை நடந்தால் ஒரே ஓர் இடத்தில்தான் நடந்தது, ஒற்றையாகவோ இரட்டையாகவோ. முதலில் ஆச்சரியமாக இருந்தது. யோசித்தால் காரணம் எளிது: எண் சேர்ந்ததால் அந்தக் கிளையின் உயரம் ஒன்று கூடியது, சுழற்சி அதை ஒன்று குறைத்துப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. மேலே இருப்பவர்களுக்குக் கீழே ஏதோ நடந்ததே தெரியாது. நீக்கும்போது கதை வேறு. சுழற்சிக்குப் பின் கிளையின் உயரம் குறையக்கூடும், அதனால் உச்சி வரை பல இடங்களில் சுழற்ற வேண்டிவரலாம். எந்தச் சுழற்சி என்று முடிவெடுக்கவும், புதிய எண்ணை ஒப்பிடும் என் வழி அங்கே உதவாது, பிள்ளைக் கணுவின் சாய்வைப் பார்க்க வேண்டும். நீக்கலை இன்னும் எழுதவில்லை. மாமா யாருடைய எண்ணையும் நோட்டிலிருந்து அடிப்பதில்லை, அதனால் அவசரமும் இல்லை.

நான்காம் நாள் நோட்டு முழுவதையும் ஏற்றினேன். 1,140 எண்கள், ஏறுவரிசையில். மரத்தின் உயரம் 11. ஒற்றைக் கயிற்றில் ஆறரை லட்சம் ஒப்பீடு ஆக வேண்டியது, இங்கே எப்படிப் பார்த்தாலும் 12,540ஐத் தாண்டாது. எவ்வளவு மோசமான வரிசையில் வந்தாலும் இத்தனை எண்களுக்கு ஏவிஎல் மரத்தின் உயரம் 14ஐத் தாண்ட முடியாது. 15 உயரத்துக்குக் குறைந்தது 1,596 கணுக்கள் வேண்டும். அந்த எண்ணிக்கை 1, 2, 4, 7, 12, 20 என்று, முந்தைய இரண்டையும் கூட்டி ஒன்று சேர்த்தபடி வளர்கிறது. கையாலேயே போட்டுப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பதினோரு கேள்வியில எந்த ஆளையும் புடிச்சிருமா?" என்றார். ஆமாம் என்றேன். "செரி கண்ணு, இருநூறுல இருந்து முன்னூறு வரைக்கும் போடு பாக்கலாம்" என்றார். திரையில் வரிசையாக வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பேராக விரல் வைத்து இறங்கினார்.

'இரண்டும் சமம் என்றால்: திருப்பு கணு' என்று மேலே ஒரு வரி இருக்கிறதல்லவா, அதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. நோட்டில் 1,140 வரி, மரத்தில் எத்தனை கணு என்று மாமா எதேச்சையாகக் கேட்டபோதுதான் எண்ணிப் பார்த்தேன். 1,139. எண்ணிக்கைச் சோதனை, மரத்துக்குள் புதிதாகச் சேர்ந்த கணுக்களை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தது. அந்த வரியில் ஓர் அறிவிப்பைச் சேர்த்துத் திரும்ப ஓட்டினேன். ஓர் எண் இரண்டு முறை வந்திருந்தது. இரண்டாவது ஆளின் கணக்கைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டிருந்தது என் நிரல்.

மாமா அந்தப் பக்கத்தைப் புரட்டினார். அண்ணன் தம்பி இருவர். நாலு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள், அப்பாவின் பழைய எண்ணிலேயே இரண்டு பேரும் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யார் சாக்கு என்பது தராசில் நிற்கும் ஆளுக்குத் தெரியும், எண்ணுக்குத் தெரியாது. தம்பிக்கு 1,141 என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் மாமா. சேர்த்தேன். மரம் உயரம் அதே 11, சோதனையில் தவறு இல்லை.